மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடும் தொழிலில், வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. நாதஸ்வரக்காரர் நடக்கிற நடைக்கு ஈடாக மெதுவாகப் போகுமா என்றுதான் கேட்கிறார்கள்.

சாதாரண வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. என்னைப் போல ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம் பிடித்து, அந்தப் பைத்தியத்தையும் தஞ்சாவூர் கும்பகோணம் ரோட்டில் வைத்துக்கொண்டு மாரடிக்கிறவர்களுக்குத்தான் வலி தெரியும். உங்களில் யாராவது, அடியில் ஒரு செங்கல்லை ஒருக்களித்து வைத்தால் தட்டுகிற உயரத்தில் வண்டி வைத்திருந்தால், வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

என்னிடம் மூன்று வண்டிகள். இரண்டு வெள்ளை, நாலு கதவு, குடும்ப வண்டிகள். வீட்டில் அடுப்பு எரிவது அவற்றால். மூன்றாவது சிவப்பு. ஜெர்மன்காரன் செய்தது. இரண்டே சீட், திறந்து மூடுகிற துணிக்கூரை, சீட்டுக்குப் பின்னால் இன்ஜின், கையால் போடுகிற ஆறு கியர். கொச்சியில் ஒரு டாக்டர் வெயிலில் போட்டு வைத்திருந்ததை வாங்கிவந்து, வயரிலிருந்து கிளட்ச் வரை நானே கூட நின்று சரிசெய்தேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்லைக்கூட ஸ்டீரிங் கைக்குச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

என் மனைவி கலாவுக்கு இந்தப் பைத்தியம் கிடையாது. புக்கிங் எடுப்பது அவள்தான். பெண் வீட்டுக்காரர்கள் பெண் டிரைவர் கேட்டால் வெள்ளை வண்டியை ஓட்டிக்கொண்டு போவதும் அவள்தான். தினமும் வேன் இருக்கிறதா என்று யாராவது கேட்கிறார்கள்; சிவப்பு வண்டியோ முகூர்த்தத்துக்குப் போனதைவிட ஒர்க்‌ஷாப்புக்குப் போனதுதான் அதிகம். போன தை மாதம் ஒரு வேகத்தடையில் அடிவயிறு கிழிந்து வந்தபோது கலா கெடு வைத்துவிட்டாள். இனி ஒரு அடி பட்டால் சிவப்பை விற்றுவிட்டு வேன் வாங்குவது. நானும் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு மாப்பிள்ளையையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற்றினேன்.

தாய்மாமன் தேடிய இடம்

திருப்பனந்தாளில் மாப்பிள்ளை அழைப்பு. சாயங்காலம் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக் கூரையைத் திறந்து வைத்தேன். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். அவருக்குத் தோழனாக மச்சினர், மச்சினர் கையில் ஒரு குழந்தை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு சித்தி என்று அடுத்து ஒரு வரிசை நின்றது. "இது ரெண்டு சீட்டுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மாப்பிள்ளைக்கு" என்றேன். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண் வீட்டு மனுஷாளை நடக்கவிட்டு மாப்பிள்ளை மட்டும் சவாரி போவதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவன் ஜெர்மனியில் இருக்கிறான்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பின்பக்க மூடியின் மேல் ஜமுக்காளம் விரித்து மச்சினரையும் சித்தியையும் உட்கார வைக்கலாமாம். மூடிக்கு அடியில் ஆறு சிலிண்டர் கொதிக்கிறது, அதன்மேல் உட்கார்ந்தவர்கள் ராத்திரி பந்தியில் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். இன்ஜினை சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வைத்தால்தான் வளைவில் வண்டி பிடித்த பிடியை விடாமல் திரும்பும் என்றும் சொன்னேன். இதற்காக எத்தனையோ பேர் ஆயுசைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள் ஐயா. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்னால் தட்டினார், பின்னால் தட்டினார். பிறகு என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கேட்டார்: "வெளியிலேருந்து பாத்தா இத்தனை நீளம் இருக்கு. உள்ளே இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் எங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

பங்கில் கிடைத்த அனுதாபம்

மைலேஜ் கேள்வியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் தினம் நடப்பதுதான். இருந்தாலும் வலங்கைமான் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் டீசல் கேனோடு நின்ற ஒரு விவசாயி லிட்டருக்கு எவ்வளவு தரும் என்று கேட்டார். ஊர்வலத்தில் ஊர்ந்தால் ஆறு என்றேன். டவுனுக்குள்ளா, வெளியிலா என்றார். ஊர்வலத்தில் ஏது ஐயா வெளி. அவர் கேனைக் கீழே வைத்தார். சாவு வீட்டில் பேசுகிற குரலில் மெதுவாகக் கேட்டார்: "வீட்டுல இதுக்கு எப்படிங்க சம்மதிச்சாங்க?"

செவ்வந்தியும் மூச்சுத் திணறலும்

என் வண்டிக்கு இரண்டு பக்கமும் கதவுக்குப் பின்னால் ஒரு திறப்பு உண்டு. இன்ஜினுக்குக் காற்று போகிற வழி அது. மனுஷனுக்கு மூக்கு மாதிரி. அதை அழகுக்கென்று யாரும் வைக்கவில்லை. முன்பக்க பம்பரில் இருக்கிற இரண்டு திறப்புக்குப் பின்னால் ரேடியேட்டர். அதுவும் அழகுக்கில்லை. ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் காரில் காரணமில்லாமல் ஒரு ஓட்டை இருக்காது. இப்போது வருகிற சில வண்டிகளில் சும்மா பந்தாவுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி, ஓட்டை மாதிரி காட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூச்சே விடாத மூக்கை முகத்தில் ஒட்டிக்கொண்டு திரிவார்களா யாராவது?

கும்பகோணத்தில் பூ அலங்காரம் செய்கிற ஒருவரிடம் இத்தனையும் விளக்கினேன். டேப்பைக் கூரை ஓரத்தில் ஒட்டு, கண்ணாடியில் ஒட்டு, நம்பர் பிளேட்டைக்கூட மூடிக்கொள், அந்த நாலு திறப்பில் மட்டும் கை வைக்காதே என்றேன். "கவலைப்படாதீங்கண்ணே" என்றார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் முன்னால் திறப்பில் ஸ்பாஞ்சைத் திணித்து, அதில் செவ்வந்தியைக் குத்தி, சுற்றிலும் ரோஜா வைத்து அடைத்திருந்தார். சந்தில் வெளிச்சம் குறைவு, நான் முன்னால் இருந்ததைப் பிடுங்கினேன், பக்கவாட்டிலும் திணித்திருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். பாதி ஊர்வலத்தில் பின்னால் தீய்ந்த வாடை வர ஆரம்பித்தது, சூட்டைக் காட்டுகிற ஊசி ஏறியது. இன்ஜின் போனால் அதுவும் அடிதான். கெடுவில் அடி என்றுதான் பேச்சு, எங்கே என்று பேச்சில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிப் பூவைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்துப் போட்டேன். நல்ல காரியத்தில் மாலையைப் பிய்க்கிறானே பாவி என்று ஒரு அம்மாள் வாய்விட்டுத் திட்டினார். மறுநாள் அந்த அலங்காரக்காரரைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டேன். அவர் முகத்தில் குற்ற உணர்வு துளி இல்லை. "ஓட்டை இல்லாத எடத்துல நான் எப்படிண்ணே பூ சொருவுறது?" என்றார்.

எண்ணூறு எச்பி

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சிநேகிதர் துபாயில் வேலை. ஊர்வலத்தில் என் வண்டிக்குப் பின்னால் வரட்டும் என்று சென்னையிலிருந்து ஒரு சூப்பர் காரை வாடகைக்கு எடுத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பச்சை நிறம், இறக்கை மாதிரி திறக்கிற கதவு. எனக்கு அந்த இத்தாலிக்காரர்கள் மேல் மரியாதை உண்டு. ஒரு காலத்தில் அவர்கள் செய்த வண்டியை ஓட்டுவதற்குத் தோள் வலிமை வேண்டும், தைரியமும் வேண்டும். ஆசையோடு போய்ச் சிநேகிதரிடம் கியரை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் வண்டியே பாத்துக்கும்ணே" என்றார். எந்த வேகத்தில் பின்சக்கரம் வழுக்கும் என்றேன். "வழுக்க வுடாதுண்ணே" என்றார். உள்ளே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். இன்ஜின் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஸ்பீக்கரிலிருந்து. சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்பீக்கரிலிருந்து. இத்தனை குதிரையைக் கட்டிப்போட்டு அதன் கனைப்பை ரேடியோவில் கேட்கிற கேவலத்தை எங்கே போய்ச் சொல்ல. பணக்காரன் பல்லக்கில் போவதற்கு சூப்பர் கார் என்று ஒரு பெயர்.

மண்டபத்துக்கு நாங்கள் இரண்டு வண்டியும் புறப்பட்டால், ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு அறுவடை மெஷின். அது மாசி மாதம். ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மீதி ரோட்டில் நெல் காய்ந்தது. நெல்லின் மேல் ஏறாமலிருக்கக் கரையில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் என் வண்டி வயிற்றைவிட உயரம். நான் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து, கல்லை எண்ணிக்கொண்டே மெஷினுக்குப் பின்னால் ஊர்ந்தேன். சிநேகிதர் பொறுமை இழந்து ஆக்சிலேட்டரை மிதித்து உறுமினார். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்து அது என்ன வண்டி, எத்தனை எச்பி என்று விசாரித்தார். எண்ணூறு என்று சிநேகிதர் பெருமையோடு சொன்னார். பெரியவர் முன்னால் போகிற மெஷினை ஒரு பார்வை, பச்சை வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "எண்ணூறா? அப்ப ஒரு மணி நேரத்துல எத்தனை மா வயல் அறுக்கும்?" என்றார்.

மெத்தென்று போட்டது

இனி வருவது நடந்திருக்கக் கூடாதது. பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு கிராமம், பங்குனி முகூர்த்தம். பெண் வீட்டுத் தெரு முனையில், பம்ப்செட் தண்ணீர் ரோட்டைத் தாண்டிப் போவதற்காகப் பைப்பைக் குறுக்கே பதித்து, மேலே மண்ணைக் கொட்டி மேடு கட்டியிருந்தார்கள். காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டேன். பெண்ணின் அப்பாவிடம், மேட்டுக்கு இரண்டு பக்கமும் சரிவாகப் பலகை போட்டால் நான் மெதுவாக ஏறி இறங்கிவிடுவேன், இல்லையென்றால் மேட்டுக்கு முன்னாலேயே மாப்பிள்ளையை இறக்கிவிடுவேன் என்று சொன்னேன். அவர் தங்கமான மனுஷர். "மாப்பிள்ளை வாசல்ல வந்துதான் எறங்கணும். நீங்க கவலையை வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சாயங்காலம் மேளத்தோடு நடந்து நடந்து வந்து அந்த இடத்தில் நிறுத்தினால், மேடு தெரியவே இல்லை. பலகையெல்லாம் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டதாம். அதனால் மேட்டுக்கு இரண்டு பக்கமும் வைக்கோலை விரித்து, மிதித்துச் சமப்படுத்தி, அதன் மேல் இன்னும் ஒரு பாரம் வைக்கோல் போட்டு வைத்திருந்தார்கள். பஞ்சு மாதிரி காய்ந்த வைக்கோல். இரண்டு மைல் ஊர்ந்து வந்த வண்டியின் சைலன்சர் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கிறது, அதன் மேல் போகமாட்டேன் என்றேன். பெண்ணின் அப்பா முகம் வாடிவிட்டது. உங்கள் வண்டிக்காகத்தானே மத்தியானத்திலிருந்து ஆள் விட்டு விரித்தேன் என்றார். பின்னால் மேளக்காரர்கள் நின்றுவிட்டார்கள். முன்னால் ஆலாத்தித் தட்டோடு பெண்கள். மாப்பிள்ளை என் தோளைத் தட்டி, "போங்கண்ணே, நல்ல நேரம் போவுது" என்றார். எனக்குக் கலாவின் கெடு கண் முன்னால் நின்றது. இருந்தும் ஊரே பார்க்கிறது என்று வெட்கப்பட்டு வண்டியை ஏற்றினேன், அதுதான் மூளை கெட்ட காரியம்.

முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் வைக்கோலில் புதைந்து சுற்றியது. வண்டி வைக்கோலின் மேல் அடை படுத்துவிட்டது. முதலில் புகை, அப்புறம் மாப்பிள்ளை பக்கம் ஒரு நாக்கு நெருப்பு. மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்காமலே வெளியே குதித்தார். ஆலாத்தி எடுக்க நின்ற அத்தை தட்டிலிருந்த தண்ணீரை அப்படியே வீசினார். யாரோ ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, மேட்டுக்கு அடியில் போகிற அதே பைப்பின் வாயைத் தூக்கித் திருப்பிய பிறகுதான் அணைந்தது. ஒருவருக்கும் காயமில்லை. வண்டிக்கு அடித்தகடு உருகி, வயர் கருகி, சைலன்சர் மேட்டில் இடித்து நசுங்கியிருந்தது. நான் நனைந்த வைக்கோலில் முழங்கால் போட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து குந்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர். "இடிக்கக் கூடாதுன்னுதானேங்க மெத்துன்னு போட்டோம்" என்றார்.

மண்டப வாசலில்

கலா திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். வயரையும் சைலன்சரையும் சரிசெய்து வண்டி ஓடுகிற நிலைக்கு வந்ததும், வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். கீழ்வேளூர் தாண்டி வேளாங்கண்ணி போகிற பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் இல்லையா, சரி என்றேன். பேசி முடிக்க அவளும் கூட வந்தாள். வண்டி வந்த இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்தது கைவிரல்களுக்குள் அடங்கும். சேலையோடு உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கிரேன் வேண்டும் என்பாள்.

திருவாரூர் தாண்டினோம். காலை நேரம். நேர் ரோடு, இரண்டு பக்கமும் அறுத்த வயல், கண்ணுக்கு எட்டியவரை ஒரு வண்டி இல்லை. கலா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "கடைசியா ஒரு தடவை, நீங்க சொல்றாப்புல ஓட்டுங்க பாக்கலாம்" என்றாள். மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தேன். அந்த ஆறு சிலிண்டர் ஒரே குரலில் பாடியது. ஸ்பீக்கர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, முதுகுக்குப் பின்னால் நிஜமான இன்ஜின். நாலாவது கியர். ஒரு வளைவு வந்தது, வண்டி கைக்குச் சொல்லிக்கொண்டே திரும்பியது. இத்தனை மாப்பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்த வண்டி, அந்தக் கொஞ்ச தூரம்தான் தன் வேலையைச் செய்தது. கீழ்வேளூர் வரும் வரை கலா டேஷ்போர்டில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

மண்டபத்துக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. உள்ளே உட்காரவில்லை. மண்டப வாசலைக் காட்டி, இங்கே ஒரு மேடை கட்டி டைல்ஸ் போட்டு, வண்டியை மேலே ஏற்றி லைட் போட்டுவிட்டால், வருகிற ஜோடியெல்லாம் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்றார். அப்படியானால் வண்டி ஓடாதா என்றேன். "எதுக்குங்க ஓடணும்? இன்ஜினைக் கழட்டி வித்துடப் போறேன். டைல்ஸ்ல எண்ணெய் ஒழுகாம இருக்கும் பாருங்க" என்றார். நான் நிறையத் திட்டு தெரிந்தவன். ஒன்றை எடுத்து வீசுவதற்குள் கலா முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "மேடையில நிக்கறதுக்கு வேணும்னா தெர்மாகோல்ல ஒண்ணு செஞ்சுக்கோங்க. இது ஓடுற வண்டிங்க." அவர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். அவள் அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

அப்படியென்றால் கெடு என்ன ஆச்சு என்று வெளியில் வந்து கேட்டேன். வேனுக்கு ஒரு வெள்ளை வண்டியைத் தள்ளிவிடலாம் என்றாள். சொல்லிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள், செருப்பைக் கழற்றி என் காலடியில் போட்டாள். நான் ஒரு மாதம் பழகிய கிளட்சை அவள் முதல் தடவையே குலுங்காமல் விட்டாள். அதே நேர் ரோட்டில், அதே மூன்றாவது கியரில், நான் ஏற்றிய இடத்தைவிட வேக ஊசியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினாள். மெதுவா, கியரை இப்படிப் போடு, அப்படிப் போடு என்று நான் ஆரம்பித்ததும் திரும்பாமலே சொன்னாள்: "வாடகை கொடுத்த மாப்பிள்ளையெல்லாம் வாயைத் தொறக்காமத்தானே உக்காந்து வந்தாங்க, நீங்களும் அப்படியே வாங்க."

இந்த டெல்டாவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அதன் அருமை தெரிந்து ஓட்ட ஒரே ஒரு ஆளாவது இருக்கமாட்டாரா என்று இத்தனை நாள் தொண்டை வற்றப் புலம்பினேன், அந்த ஆள் என் வீட்டிலேயே கிடைத்த நாளிலிருந்து நான் வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.